ஒரு ஆயுளின் நேரம் எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு பத்தாம் வகுப்பில் சராசரி படிப்பிக்கும்போது, ஒரு மனிதர் தன் ஆயுளில் எத்தனை வருடம் நித்திரை கொள்கிறார், எத்தனை வருடம் வேலை செய்கிறார் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு பெற்றோர் கூட்டத்தில், சந்தையில், வாசிகசாலையில், கலியாணவீட்டுப் பந்தியில் என்று எங்கே கண்டாலும் இதைப் பற்றித்தான் கேள்வி. திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

ரீச்சர், ஒரு ஆயுள் எண்டா எத்தனை வருசம் எண்டு வச்சுக் கணக்குப் போடுறீங்கள்?

76 வருடம். இலங்கையில் இப்போது பிறக்கும் ஒரு பிள்ளைக்கு எதிர்பார்க்கப்படும் ஆயுள் ஏறத்தாழ அவ்வளவு. பெண்களுக்கு 80ஐ ஒட்டியும் ஆண்களுக்கு அதைவிட ஆறேழு வருடம் குறைவாகவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 76 என்று வைத்துக்கொள்ளலாம். நாட்களாகப் பார்த்தால் 27,759. மணித்தியாலமாகப் பார்த்தால் ஆறு இலட்சத்து அறுபத்தாறாயிரத்துச் சொச்சம்.

இதில் ஒரு சுருக்குவழி இருக்கிறது. கீழே வரும் எல்லாக் கணக்கும் அதை வைத்துத்தான். ஒரு நாளின் 24 மணித்தியாலத்தில் ஒரு மணித்தியாலத்தை ஆயுள் முழுக்க ஒரு விஷயத்துக்குக் கொடுத்தால், ஆயுளில் 24இல் ஒரு பங்கு அதற்குப் போகிறது. 76ஐ 24ஆல் பிரித்தால் 3 வருடம் 2 மாதம். பத்து நிமிடம் என்றால் ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். வாழ்க்கையின் ஒரு பகுதியில் மட்டும் செய்கிற வேலை என்றால், 76க்குப் பதிலாக அந்த வருடங்களை மட்டும் எடுத்து, ஒரு நாளைக்குச் செய்த மணித்தியாலத்தால் பெருக்கி, 24ஆல் பிரியுங்கள். அவ்வளவுதான்.

அப்ப நித்திரைக்கு மட்டும் எவ்வளவு?

25 வருடம். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணித்தியாலம் நித்திரை வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு 9 முதல் 11. வளர்ந்தவருக்கு 7 முதல் 9. எல்லாம் சேர்த்துச் சராசரி எட்டு என்று எடுத்தால் ஆயுளில் மூன்றில் ஒன்று, 25 வருடமும் நான்கு மாதமும்.

இதைக் கேட்டதும் "இவ்வளவும் வீணாய்ப் போகுதே" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை விடிய மூன்று மணிக்கு எழுப்பிவிடுகிறோம். பகலில் படித்தது மனதில் பதிகிற வேலை நித்திரையில்தான் நடக்கிறது. வகுப்பில் முன்வாங்கிலில் இருந்து கண் சொருகும் பிள்ளைகளை நாளும் காண்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த 25 வருடத்தில் கை வைக்காதீர்கள்.

கனவு காணுற நேரமும் அதுக்குள்ளயோ?

ஆம். கண் வேகமாக அசையும் நித்திரைப் பகுதியில்தான் தெளிவான கனவுகள் பெரும்பாலும் வரும். வளர்ந்தவரின் நித்திரையில் அது ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை. ஐந்து, ஆறு வருடம் என்று சொல்லலாம்.

சாப்பாடு, குளிப்பு, வெளிக்கிடுறது எல்லாம்?

மூன்று வேளைச் சாப்பாடும் தேத்தண்ணியும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றேகால் மணித்தியாலம் என்றால் நான்கு வருடம். குளித்து, உடுத்தி, தலை இழுக்க முக்கால் மணித்தியாலம் என்றால் இரண்டேகால் வருடத்துக்கு மேல். சாப்பாட்டு நேரம் ஊருக்கு ஊர் மாறும். பிரான்சில் ஆட்கள் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சாப்பாட்டில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு மணித்தியாலத்தை ஒட்டித்தான். ஆயுளில் பார்த்தால் மூன்று வருட வித்தியாசம்.

நான் 38 வருசம் வேலை செய்து பென்சன் எடுத்தனான். பாதி வாழ்க்கை வேலையிலதானே போச்சுது?

போனது போலத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் அப்படி வராது. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி கிழமைக்கு 45 மணித்தியால வேலை. வருடத்துக்கு நான்கு கிழமை லீவு கழித்து 48 கிழமை. 22 வயதில் சேர்ந்து 60இல் ஓய்வு பெற்றால் 38 வருடம். மூன்றையும் பெருக்கினால் 82,080 மணித்தியாலம், அதாவது 9 வருடம் 4 மாதம். ஆயுளில் எட்டில் ஒரு பங்கு.

இந்த 82,080 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். பிறகு ஒரு இடத்தில் தேவைப்படும்.

பள்ளிக்கூடமும் டியூசனும்? எங்கட பிள்ளையளுக்கு வேற வாழ்க்கையே இல்லை.

பள்ளிக்கூடம் காலை ஏழரை முதல் ஒன்றரை வரை ஆறு மணித்தியாலம். வருடத்துக்கு 190 நாள் அளவில், 13 வருடம். எல்லாம் சேர்த்து 1 வருடம் 8 மாதம்தான். கிழமைக்கு 12 மணித்தியாலம் டியூசன் என்று ஒன்பது வருடம் போனால் இன்னும் ஏழு மாதம். ஆயுளோடு வைத்துப் பார்த்தால் சிறிய எண்கள்தான். ஆனால் நீங்கள் சொல்கிற வலி உண்மையானது. அந்த ஏழு மாதமும் பிள்ளையின் விளையாட்டு நேரத்திலிருந்து எடுத்தது. ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடைப்பட்ட வெளிச்சம் அது. கணக்கு எவ்வளவு நேரம் என்று சொல்லும், எந்த நேரம் என்று சொல்லாது.

எங்கட அம்மா வீட்டில சும்மாதான் இருக்கிறா. அவவுக்கு என்ன எழுதிறது?

இதைக் கேட்டது என் மாணவன். வீட்டில் எல்லோருடைய ஒரு நாளையும் கால்மணித்தியாலம் கால்மணித்தியாலமாக எழுதி வாருங்கள் என்று வேலை கொடுத்திருந்தேன். அவன் அப்பாவுக்கும் அக்காவுக்கும் பக்கம் நிறைய எழுதி, அம்மாவின் பக்கத்தில் "வீட்டில்" என்று ஒரு சொல் மட்டும் எழுதியிருந்தான். சனிக்கிழமை முழுக்க மணிக்கூட்டை வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நட என்று சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை கொப்பியைக் கொண்டு வந்தான். விடிய 4.45க்கு முற்றம் கூட்டினா. பிறகு தேத்தண்ணி. தேங்காய் துருவி, மா குழைத்து, நீத்துப்பெட்டியில் புட்டு அவித்து, சம்பல் இடித்தா. 9.15க்குக் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்தா. 11 மணிக்கு மீன் வெட்டினா. மத்தியானச் சமையல், பாத்திரம், அம்மம்மாவுக்கு மருந்து. 3 மணிக் கட்டத்தில் "இருந்தா" என்று ஒரே ஒரு சொல். 3.15க்கு உளுந்து ஊறப் போட்டா. கூட்டிப் பார்த்தால் ஒன்பதேகால் மணித்தியாலம். அவன் ஒன்றும் பேசாமல் கொப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். அடுப்படி வேலையை மட்டும் எடுங்கள். ஒரு பெண் 20 வயதிலிருந்து 75 வரை ஒரு நாளைக்கு நான்கு மணித்தியாலம் குசினியில் நின்றால் 80,355 மணித்தியாலம். மேலே 38 வருடம் வேலை செய்து பென்சன் எடுத்தவருடைய 82,080க்கும் இதற்கும் இரண்டாயிரம்கூட வித்தியாசம் இல்லை. தோய்த்தது, கூட்டியது, பிள்ளை பார்த்தது, வருத்தம் பார்த்தது ஒன்றும் இன்னும் சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவும் இல்லை. ஆகவே "சும்மா" என்ற சொல்லை எழுதாதீர்கள். செய்ததை எழுதுங்கள்.

ஆம்பிளையளும் இப்ப வீட்டு வேலை செய்யினம்தானே ரீச்சர்?

செய்கிறார்கள், முன்பைவிடக் கூட. நாவற்குழிப் பக்கம் ஒரு வீட்டில் கணவர்தான் தினமும் சமைக்கிறார், மனைவி தாதியாக வேலைக்குப் போகிறார். அப்படியான வீடுகளை நானும் அறிவேன். ஆனால் சராசரி என்று வந்தால் இடைவெளி பெரிது. இந்தியாவில் 2019இல் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். உலக அளவில் 2018இல் சர்வதேச தொழில் அமைப்பு வெளியிட்ட கணக்கில், வீட்டு வேலையும் பராமரிப்பும் சேர்த்துப் பெண்களுக்கு 4 மணித்தியாலம் 25 நிமிடம், ஆண்களுக்கு 1 மணித்தியாலம் 23 நிமிடம். வித்தியாசம் மூன்று மணித்தியாலம். முதல் பதிலில் உள்ள சுருக்குவழியைப் போட்டால் ஒரு ஆயுளில் ஒன்பது வருடத்துக்கு மேல்.

இப்ப கிரைண்டர், காஸ், தண்ணி மோட்டர் எல்லாம் வந்திட்டுது. அந்தக் காலத்து மனுசிமார் பட்ட பாடு இப்ப இல்லைத்தானே?

உடம்பு படும் பாடு குறைந்திருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத ஊர் எங்களுடையது. குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு என்று எல்லாம் கிணறுதான். என் அம்மம்மா கிணற்றுத் துலா மரத்தை இழுத்துத் தண்ணீர் அள்ளியவர். கைத்தழும்பு கடைசி வரை இருந்தது. மிளகாய் வறுத்து உரலில் இடிப்பதற்கு ஒரு முழு நாள் போகும். இப்போது மில்லில் கொடுத்தால் அரை மணித்தியாலம்.

ஆனால் நேரம் அதே அளவுக்குக் குறைந்ததா என்றால், இல்லை. அமெரிக்காவில் 1920களில் வீட்டில் இருந்த மனைவியர் கிழமைக்கு 52 மணித்தியாலம் வீட்டு வேலை செய்தார்கள். உடுப்புத் தோய்க்கும் மெசினும் குளிர்ப்பெட்டியும் வந்த பிறகு, 1960களில், 55 மணித்தியாலம். மெசின் வந்ததும் உடுப்பு அடிக்கடி தோய்க்கப்பட்டது, கடைக்குப் போய் வரும் வேலை கூடியது. எங்கள் ஊரில் மிச்சமான நேரம் எங்கே போனது என்று தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்கூட்டியில் பிள்ளையை டியூசனுக்கு ஏற்றி, இன்னொரு பிள்ளையை இறக்கி, கேற்றடியில் நின்று, திரும்ப ஏற்றி வருவதில் போயிருக்கிறது. பிள்ளைகளின் ஏழு மாத டியூசனுக்குப் பின்னால் தாய்மாரின் சில மாதங்களும் இருக்கின்றன.

இப்பிடி ஆட்கள் என்ன செய்யினம் எண்டு ஆர் போய்ப் பாக்கினம்? எப்பிடிக் கணக்கெடுக்கினம்?

பெரும்பாலும் நாட்குறிப்பு முறைதான். ஒருவரிடம் போய், நேற்று விடிய நான்கு மணி தொடங்கி இன்று விடிய நான்கு மணி வரை என்ன செய்தீர்கள் என்று நேரம் நேரமாகக் கேட்டு எழுதுவார்கள். அல்லது கட்டம் போட்ட கொப்பியை அவரிடமே கொடுப்பார்கள். ஆயிரக்கணக்கானவர்களின் ஒவ்வொரு நாளைச் சேர்த்தால் ஒரு நாட்டின் சராசரி நாள் கிடைக்கும். 1965ஐ ஒட்டி ஹங்கேரியச் சமூகவியலாளர் அலெக்சாண்டர் சலாய் தலைமையில் 12 நாடுகளில் ஒரே மாதிரியான கொப்பியை வைத்து எடுத்தார்கள். அமெரிக்கா 2003 முதல் ஒவ்வொரு வருடமும் எடுக்கிறது. இலங்கையில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நாடளாவிய ரீதியில் எடுத்தது.

ஒரு நாளைக்கு நான் எவ்வளவு நேரம் வேலை செய்யிறன் எண்டு எனக்கே தெரியும். பேந்தென்னத்துக்குக் கொப்பி?

தெரியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். "கிழமைக்கு எத்தனை மணித்தியாலம்" என்று கேட்டால், வேலையைக் கூட்டியும் நித்திரையைக் குறைத்தும் சொல்வது மனித இயல்பு. சொன்ன எல்லாவற்றையும் கூட்டினால் சில வேளை 168 மணித்தியாலத்தைத் தாண்டும். கிழமையிலோ 168தான் இருக்கிறது. கொப்பியில் எழுதினால் 24க்கு மேல் போக இடமில்லை.

நான் சமைச்சுக்கொண்டே ரேடியோ கேக்கிறன், பேரப்பிள்ளையையும் பாக்கிறன். அது எதுக்குள்ள வரும்?

நல்ல கேள்வி. ஆய்வுக் கொப்பிகளில் முதன்மை வேலை, கூடவே செய்த வேலை என்று இரண்டு நிரல் வைத்திருப்பார்கள். சமையல் முதல் நிரலில் போகும், ரேடியோ இரண்டாவதில். முதல் நிரலை மட்டும் கூட்டினால் 24 வரும். இரண்டையும் கூட்டினால் 30கூட வரலாம். "ஆயுளில் இத்தனை வருடம் இது, இத்தனை வருடம் அது" என்று போனில் வரும் படங்களைக் கூட்டிப் பார்த்தால் 76ஐத் தாண்டிப் போவதற்கு இது ஒரு காரணம்.

பேரப்பிள்ளை பார்ப்பதுதான் அதிகம் மறைந்து போவது. அடுப்பில் கறி கொதிக்கும்போது ஒரு கண் வாசலில் இருக்கிறதே, அந்தக் கண்ணுக்குப் பெரும்பாலான கொப்பிகளில் கட்டம் கிடையாது. என் மாணவர்களிடம் மூன்றாவது நிரல் ஒன்று போடச் சொல்கிறேன். தலைப்பு "யாரைப் பார்த்துக்கொண்டு".

சிக்னலில நிண்டே ஆறு மாசம் போகுதாம், உண்மையோ?

எங்களுக்கு இல்லை. நாளுக்குப் பத்து நிமிடம் சிவப்பு விளக்கில் நின்றால்தான் ஆறு மாதம் வரும். யாழ்ப்பாணத்தில் விளக்குச் சந்திகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அது வேறு ஏதோ பெருநகரத்துக் கணக்கு. எங்களுடைய காத்திருப்பு வேறு இடத்தில் இருக்கிறது. சீனி வருத்தத்துக்கும் பிரசருக்கும் மாதம் ஒரு முறை கிளினிக் போகிறவர், நம்பர் துண்டு எடுத்து, இரத்தம் கொடுத்து, டொக்டரைக் கண்டு, மருந்து வாங்க ஐந்து மணித்தியாலம் ஆகிறது. 15 வருடம் போனால் 900 மணித்தியாலம், 37 நாளுக்கு மேல். கொழும்புக்கு வருடத்தில் நான்கு தரம் இரவு பஸ்ஸில் போய் வருகிறவருக்கு, போக எட்டு வர எட்டு என்று 40 வருடத்தில் மூன்றரை மாதம் பஸ்ஸுக்குள் போகும்.

போன் பாக்கிறது?

15 வயதிலிருந்து 75 வரை ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் என்றால் ஏழரை வருடம். ஒரு முழு உத்தியோகத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்வதில்லை. போனிலேயே பார்த்த நேரம் பதிவாகியிருக்கும், இன்றைக்கு உங்களுடையதையும் திறந்து பாருங்கள். அதில் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையோடு கதைத்த நேரத்தைத் தனியே எடுத்து வையுங்கள். அது வேறு கணக்கு, கீழே வருகிறது.

கோயில், செத்தவீடு, கலியாணவீடு? எங்கட சனத்துக்கு அதிலதானே பாதி நேரம்.

பாதி இல்லை, ஆனால் வெளிநாட்டுக் கணக்குகளில் இதற்குச் சரியான இடம் கிடைப்பதில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாள். ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் என்று 60 வருடம் போனவருக்கு 125 நாள், நான்கு மாதம். செத்தவீடு என்றால் பந்தல் போடுவது தொடங்கி எட்டுச் செலவு, அந்தியேட்டி என்ற சடங்குகள் வரை அயலவர்கள் மாறி மாறி நிற்கிறார்கள். இதை ஓய்வு என்று எழுதுவதா, வேலை என்று எழுதுவதா? சமூகக் கடமை என்று தனிக் கட்டம் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எனக்கு இப்ப 60. 76 எண்டா எனக்கு இன்னும் 16 வருசம்தானோ?

இல்லை, அம்மா. 76 என்பது பிறக்கும்போது போடும் கணக்கு. குழந்தையில் இறந்தவர்களும், 30 வயதில் விபத்தில் போனவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். 60ஐத் தாண்டி வந்தவர் அந்த ஆபத்துகளைக் கடந்துவிட்டார். அவருக்குச் சராசரியாக இன்னும் 20 வருடம் அளவில் இருக்கிறது, பெண்களுக்கு அதைவிடவும் கூட. 20 வருடத்தில் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் என்பது பத்து மாதம். வயலின் பழகவோ, சிங்களம் எழுத வாசிக்கப் பழகவோ அது போதும். கேட்டவர் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான்.

சண்டைக்குள்ள போன வருசங்களை எந்தக் கட்டத்துக்குள்ள போடுறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நாள் யோசித்தேன். ஆய்வுகள் ஒரு வருடத்தில் 20 வயதுக்காரர், 40 வயதுக்காரர், 70 வயதுக்காரர் எல்லோரிடமும் ஒரு நாளைக் கேட்டு, அவற்றை ஒருவரின் ஆயுள் போலக் கோத்துவிடுகின்றன. இன்றைய 20 வயதுக்காரரின் நாளும், இன்று 55 வயதான ஒருவர் 20 வயதில் கழித்த நாளும் ஒன்று போல இருந்தால் மட்டும்தான் அது அவருக்குப் பொருந்தும். போர் நடந்த யாழ்ப்பாணத்தில் அது பொருந்தாது. 1990இல் நின்ற யாழ்தேவி ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 2014இல். இடையில் கிளாலிக் கடனீரேரியைக் கடக்க இரவில் படகுக்குக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர். 1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாண நகரும் சேர்ந்த வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தது. வேறு நாட்களில் பஸ்ஸில் அரை மணித்தியாலத்தில் போகிற சாவகச்சேரிக்கு, மழைக்குள், விடியும் வரை நடந்தோம். அதைப் "பயணம்" என்ற கட்டத்தில் என்னால் எழுத முடியவில்லை.

நான் உயர்தரம் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். கரண்ட் இல்லை, பற்றரி இல்லை. செய்தி கேட்க வேண்டும் என்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றுவோம், டைனமோவில் ரேடியோ பாடும். அப்பா செய்தி கேட்பார், தம்பி சுற்றுவான். அப்பாவின் அரை மணித்தியாலம் செய்தி கேட்டல். தம்பியின் அரை மணித்தியாலம் என்ன? 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததையும், பெற்றோல் வரிசையில் இரவு படுத்ததையும் கண்ட இளம் ஆட்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் விளங்கும்.

என் கொப்பியில் "எங்களிடமிருந்து எடுக்கப்பட்ட நேரம்" என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். பங்கருக்குள் இருந்தது, வரிசையில் நின்றது, பயண அனுமதிப் பாஸுக்கு அலைந்தது, ஊர் திரும்பக் காத்திருந்தது எல்லாம் அதற்குள். உங்களுடையதையும் எழுதுங்கள். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

மகன் கனடாவில. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வாறவன். அவனோட இனி எவ்வளவு நேரம் கிடக்கு?

இதைக் கேட்டவரோடு சேர்ந்து இருந்துதான் போட்டேன். அவருக்கு 50 வயது, மகன் 19இல் போனவன். இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மூன்று கிழமை என்றால், 76 வரை 13 தரம் வருவான். 273 நாள். ஒன்பது மாதம். "வயித்தில சுமந்த அளவு" என்று அவரே சொன்னார்.

பிறகு போன் நேரத்தையும் போட்டோம். ரொறன்ரோவில் அவன் வேலை முடிந்து வரும்போது இங்கே விடியப்புறம். இவர் நான்கரைக்கு எழும்பி அடுப்புக்குப் பக்கத்தில் போனைச் சாத்தி வைத்துக்கொண்டு கதைக்கிறார். தினமும் 20 நிமிடம், 26 வருடத்துக்கு, நான்கு மாதத்துக்கு மேல் வருகிறது. அதை நான் போன் பார்த்த நேரத்தில் சேர்க்கவில்லை, மகனோடு இருந்த நேரத்தில் சேர்த்தேன். அந்த 13ஐ 14 ஆக்கினால் இன்னும் 21 நாள். ஒரு ரிக்கற் காசு. மகனிடம் அவர் இதைச் சொல்லியிருக்கிறார்.

சரி, என்ர கணக்கை நானே எழுதிறது எப்பிடி?

சதுரக் கோட்டுக் கொப்பியில் 96 கட்டம் போடுங்கள், ஒரு கட்டம் கால்மணித்தியாலம். வேலை நாள் ஒன்று, ஞாயிறு ஒன்று, கோயில் நாளோ விசேட நாளோ ஒன்று. மூன்று நாள் எழுதினால் போதும். இரவில் இருந்து யோசித்து எழுதாதீர்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழுதுங்கள். ஒரே மாதிரியானவற்றைக் கூட்டி, சுருக்குவழியில் போட்டுப் பாருங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் எழுதாமல் எல்லோரும் எழுதுங்கள். ஒரு வீட்டின் கொப்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் யாருடைய நேரத்தில் யார் சாப்பிடுகிறார் என்று தெரியும்.

எங்கட அப்பா பின்னேரம் முழுக்க விறாந்தையில சும்மா இருக்கிறார். அது வீண்தானே?

என் அப்பாவும் அப்படித்தான். நாலு மணிக்குக் கதிரையைப் போட்டால் ஆறு மணிக்குத்தான் எழும்புவார். அவருடைய எட்டுக் கட்டங்களையும் நான் முதலில் ஒரு கோடு இழுத்து விட்டுவிட்டேன். அம்மாமாருக்குச் "சும்மா" எழுதாதே என்று பிள்ளைகளுக்குச் சொன்ன நான் அப்பாவுக்கு அதைச் செய்திருக்கிறேன் என்று பிறகுதான் பட்டது. ஒரு நாள் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன்.

மீன்காரர் மணி அடித்ததும் முன்வீட்டுக்குக் குரல் கொடுத்தார். டியூசனுக்குப் போன இரண்டு பிள்ளைகளிடம் சைக்கிள் செயின் தளர்ந்திருக்கிறது என்றார். பக்கத்து வீட்டு மாடு கயிறு அறுத்துக்கொண்டு போன திசையைத் தேடி வந்தவருக்குக் காட்டினார். தெருவால் போன எல்லோரும் அவரைப் பார்த்துத் தலையசைத்தார்கள், அவர் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி விசாரித்தார். ஆறு கட்டத்துக்கு எழுத விஷயம் கிடைத்தது. மற்ற இரண்டில் "இருந்தார்" என்று எழுதினேன்.